நலங்கு வீட்டில் பாட்டில் எதற்கு?

அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் கைக்கு வரும் தை, மாசி மாதங்களில்தான் கிராமங்களில் கல்யாணப் பந்தல்களும் அதிகமாக எழுகின்றன. கல்யாணத்திற்கு முன்பு பெண் வீட்டில் நலங்கு வைப்பது வழக்கம். அத்தையும் சித்தியும் அண்டை வீட்டுப் பெண்களும் கூடி, பெண்ணுக்கு மஞ்சளும் சந்தனமும் பூசி, பாட்டுப் பாடி, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு செல்வார்கள். முப்பது, நாற்பது பேரோடு முடிந்துவந்த இந்தச் சடங்கு இப்போது பல ஊர்களில் முந்நூறு, நானூறு பேர் கூடும் விழாவாகிவிட்டது. வடநாட்டு 'ஹல்தி'யைப் பார்த்து மேடை, விளக்கு, ஒலிபெருக்கி என்று செலவு கூடிக்கொண்டே போகிறது.

சாப்பாட்டுச் செலவுக்குச் சமையற்காரரிடம் பலமுறை கணக்குக் கேட்கும் குடும்பம், வந்தவர்களுக்குக் குடிக்கக் கொடுப்பதற்கு மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. "பாட்டிலில் கலர் வாங்கி அடுக்கிவிடுங்கள்" என்று ஒருவர் சொன்னால் போதும், கடைக்காரர் பெட்டி பெட்டியாக இறக்கிவிடுகிறார். பணம் பிறகு கொடுக்கலாம் என்பதால் அப்போது சுமை தெரிவதில்லை. கல்யாணம் முடிந்து பில் வரும்போதுதான் தெரிகிறது. இரண்டு கறவை மாடு வைத்திருப்பவர் காலையில் பாலைச் சங்கத்தில் ஊற்றிவிட்டு, மாலையில் அந்தப் பால் விலையைப் போல் பல மடங்கு கொடுத்துச் சர்க்கரைத் தண்ணீரை வாங்குவது எந்த வகையில் சிக்கனம் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

எவ்வளவு தேவை?

விதைப்பதற்கு முன் ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை என்று கணக்கிடும் விவசாயிக்கு இந்தக் கணக்கு கடினமானதல்ல. 400 பேர் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 150 மில்லி பிடிக்கும் டம்ளர் ஒன்று. நான்கில் ஒருவர் இரண்டாவது முறை கேட்பார். ஆக 500 டம்ளர், அதாவது 75 லிட்டர் பானம் போதுமானது.

இதில் 40 லிட்டர் நீர்மோராகவும் 35 லிட்டர் பானகமாகவும் இருக்கலாம். நீர்மோருக்கு 10 லிட்டர் தயிர், 30 லிட்டர் தண்ணீர், அளவான உப்பு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, சிறிது பெருங்காயம் ஆகியவை வேண்டும். பானகத்திற்கு 4 கிலோ வெல்லம், 32 லிட்டர் தண்ணீர், 20 எலுமிச்சம்பழம், 50 கிராம் சுக்கு, 10 கிராம் ஏலக்காய் போதும். வெல்லத்தைக் கரைத்து மண், சக்கை போக வடிகட்டுவது அவசியம்.

செலவு எவ்வளவு?

பால் லிட்டர் 40 ரூபாய் என்றால் 10 லிட்டருக்கு 400 ரூபாய். வெல்லம் கிலோ 70 ரூபாய் என்றால் 280. எலுமிச்சம்பழம் 100, சுக்கு, ஏலக்காய் 60, மோருக்கான சாமான்கள் 100. குடிநீர் கேன் 4 வாங்கினால் 160. எவர்சில்வர் டம்ளர் வாடகை 400. மொத்தம் 1,500 ரூபாய். டம்ளர் ஒன்றுக்கு 3 ரூபாய் அடங்குகிறது. அந்தந்த ஊர் விலையைப் போட்டுப் பார்த்தால் இது சற்றுக் கூடலாம், குறையலாம்.

20 ரூபாய் பாட்டிலில் ஆளுக்கு ஒன்று கொடுத்தால் 8,000 ரூபாய். 10 ரூபாய்ப் பாட்டிலானாலும் 4,000 ரூபாய். இதில் குழந்தைகள் பாதி குடித்துவிட்டு வைக்கும் பாட்டில்கள் பல. மேலும், 2025 செப்டம்பர் 22 முதல் வாயு ஏற்றிய இனிப்புப் பானங்களுக்கு வரி 40 சதவீதம். வீட்டில் கடைந்த மோருக்கு அந்த வரியும் இல்லை.

20 ரூபாய்ப் பாட்டிலோடு ஒப்பிட்டால் மிச்சம் 6,500 ரூபாய். இரண்டு ஏக்கர் நெல்லுக்கு 2 மூட்டை டி.ஏ.பி.யும் 5 மூட்டை யூரியாவும் போடுவதாகக் கொண்டால், மூட்டை 1,350 ரூபாய், 266 ரூபாய் 50 காசு என்ற விலையில் ஏறத்தாழ 4,030 ரூபாய் ஆகும். அதை வாங்கிய பிறகும் கையில் பணம் நிற்கும். ஒரு மாலைப் பொழுதில் காலிப் பாட்டிலாகக் குவிவது அடுத்த போகத்தின் உரச் செலவு என்பதை மறக்கலாகாது.

சொந்தப் பொருளுக்கும் விலை உண்டு

தோட்டத்தில் விளைந்தது என்பதற்காக அதைச் செலவில்லாத பொருளாக நினைப்பதும் தவறு. இளநீரே எல்லாருக்கும் கொடுத்துவிடலாம் என்று சிலர் எண்ணுவர். 400 இளநீர் என்பது 400 காயின் விலை. அதோடு மரம் ஏறுகிறவர் கூலி, சீவுகிறவர் கூலி, பிறகு குவியும் மட்டையை அள்ளும் வேலையும் சேரும். ஆகவே இளநீரை முதியவர்களுக்கும் உடல் நலம் குன்றியவர்களுக்கும் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

எலுமிச்சைக்கும் இதே கணக்குத்தான். மழைக்காலத்தில் விலை சரிந்து கிடக்கும் பழத்தை விற்பதைவிட விருந்தினருக்குச் சாறாகக் கொடுப்பது மேல். கோடையில் நிலைமை வேறு. 2022 ஏப்ரலில் எலுமிச்சம்பழம் கிலோ 200 ரூபாயைத் தாண்டி விற்றது. அப்படிப்பட்ட காலத்தில் பழத்தைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, பானகத்திற்குச் சிறிது புளி கரைத்து ஊற்றினால் போதும். எது மலிவு என்பதைப் பருவம் பார்த்துத் தீர்மானிக்க வேண்டுமேயன்றி, பழக்கத்தைப் பார்த்தல்ல.

சுத்தம் முக்கியம்

வீட்டுப் பானத்தைப் பற்றி நகரத்து உறவினர் தயங்குவதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. தண்ணீர் கெட்டால் பானமும் கெடும். வாங்கிய குடிநீரோ, நன்றாகக் கொதிக்க வைத்து ஆறிய நீரோதான் கலக்க வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; கிணற்று நீரில் கலந்துள்ள உப்பும் உரமும் போகாது. பூச்சிமருந்து வந்த டின்னையும் பிளாஸ்டிக் கேனையும் எத்தனை முறை கழுவினாலும் குடிநீருக்குப் பயன்படுத்தவே கூடாது. அது உயிருக்கே ஆபத்து.

மோரையும் எலுமிச்சைச் சாற்றையும் செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்களில் வைக்கலாகாது. எவர்சில்வர் அண்டாவோ மண்பானையோ ஏற்றது. மீன் பதப்படுத்தும் பனிக்கட்டியை உடைத்துப் போடுவதும் தவறு. உணவுக்கு உதவாத பனிக்கட்டியில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018-ல் விதி செய்ததே இதற்காகத்தான். ஈரமணல் மேல் வைத்த மண்பானையில் பானம் போதிய அளவு குளிர்ந்துவிடும்.

நலங்குக்கு வருகிறவர்கள் மூன்று நான்கு மணி நேரம் தொடர்ந்து வந்துகொண்டிருப்பார்கள். எனவே முழுவதையும் ஒரே நேரத்தில் கலக்காமல் மூன்று தவணையாகக் கலப்பது சிறந்தது. மோர் புளிக்காது, எலுமிச்சை கசக்காது, கூட்டம் குறைந்தால் மிஞ்சும் தயிரும் வெல்லமும் மறுநாள் விருந்துக்கு உதவும். பிளாஸ்டிக் டம்ளரும் பிளாஸ்டிக் பூசிய காகித டம்ளரும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. அவை வயலில் விழுந்தால் உழுகிற மண்ணுக்கும் கேடு, மேய்கிற மாட்டுக்கும் கேடு.

நோட்டில் ஏறாத செலவு

கல்யாண நோட்டில் எழுதாத ஒரு செலவும் உண்டு. வந்த இளைஞர்களுக்கு 'கவனிப்பு' என்ற பெயரில் மறைவாக வாங்கித் தரும் மது. பானச் செலவில் பெரும்பகுதி பல வீடுகளில் இதற்கே போகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்து வாங்கிய பணம் இப்படிப் போனால், நாற்று நடும் நேரத்தில் கூலிக்கு யாரிடம் போய் நிற்பது? நோட்டில் எழுத வெட்கப்படும் செலவைச் செய்யாமல் விடுவதே முறை. பெண்ணின் தாய்மாமனும் பங்காளிகளும் சேர்ந்து, "நம் வீட்டில் இது கிடையாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெண்ணைப் பெற்றவரின் பாரம் பாதி குறையும்.

மரியாதை எதில் இருக்கிறது?

மோர் கொடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்ற அச்சமே பாட்டில் வாங்க வைக்கிறது. வெயிலில் நடந்து வந்தவருக்கு மோர் கொடுத்து உட்கார வைப்பது இந்த நாட்டில் என்றுமே குறைவாக எண்ணப்பட்டதில்லை. கோயில் திருவிழாவில் நீர்மோரும் பானகமும் ஊற்றுபவரை ஊர் கை கூப்பி வாழ்த்துகிறது. பந்தலில் கொடுத்தால் புண்ணியமாக இருப்பது வீட்டில் கொடுத்தால் மட்டும் இழிவாகிவிடுமா?

ஊரில் நாலு பேர் மதிக்கும் குடும்பம் ஒன்று முதலில் தொடங்கினால், மற்றவர்கள் பின்பற்றத் தயங்கமாட்டார்கள். நல்ல விதை ரகம் ஒரு வயலிலிருந்துதான் ஊரெல்லாம் பரவுகிறது. இந்த வழக்கமும் அப்படியே பரவலாம். பெண்ணைப் பெற்ற விவசாயிகள் அடுத்த நலங்குக்குப் பாட்டில் பெட்டிக்குச் சொல்லியனுப்பும் முன், தங்கள் தொழுவத்தையும் தோட்டத்தையும் ஒருமுறை பார்த்துக் கணக்குப் போட வேண்டும். பெண் புகுந்த வீடு போன பிறகும் பெற்றவர் உழ வேண்டிய நிலம் அங்கேயேதான் இருக்கிறது.