டைல்ஸ் ஒட்டும் முன்

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் அடுக்குமாடிகளில் குளியலறையைப் புதுப்பிப்பவர்கள் டைல்ஸ் நிறத்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். அதற்கு அடியில் போகும் நீர்த்தடுப்புப் பூச்சில்தான் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். டைல்ஸோ இடுக்கில் நிரப்பும் சிமெண்டோ தண்ணீரை முழுதாகத் தடுக்காது. ஷவர் சுவரில் ஆளுயரத்துக்கு இரண்டு கோட் வேண்டும், முதல் கோட் காய்ந்த பிறகே அடுத்தது. சுவரும் தரையும் சேரும் மூலையிலும் குழாய்த் துளையைச் சுற்றியும் ஃபைபர் வலை வைத்துப் பூசச் சொல்லுங்கள். கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். தரையில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிப் பார்க்காமல் டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள். கீழ்வீட்டு சீலிங் ஒழுகினால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை கோளாறு மேல்வீட்டில்தான் என்று மலேசியாவில் அடுக்குமாடி நிர்வாகத்துக்கான 2015ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா விதிமுறைகள் கருதுகின்றன. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. கீழே இருப்பவரால் உங்கள் தரையை உடைத்துப் பார்க்க முடியாதே!