இழுக்கும், ஆனால் நிற்குமா?

காலபோக அறுவடை தொடங்கியதும் வன்னி வீதிகளில் உழவு இயந்திரப் பெட்டிகள் நெல் மூடைகளை மலைபோலச் சுமந்து செல்வதைக் காணலாம். மூடைகளின் மேல் பெண்களும் பிள்ளைகளும் அமர்ந்திருப்பர். "மெசின் இழுக்குந்தானே, இன்னும் பத்து மூடை ஏத்துங்கோ" என்பது வயற்கரையில் வழமையான பேச்சு. இழுக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பாரத்தோடு நிற்குமா என்பதை நாம் கேட்பதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 70 கிலோ மூடை 60 ஏற்றினால் 4,200 கிலோ. பெட்டியின் நிறை வேறு. எம்மவர் பாவிக்கும் சாதாரண நான்கு சில்லு உழவு இயந்திரத்தின் நிறையோ ஏறத்தாழ 2 தொன்தான். பல பெட்டிகளுக்குத் தனியான பிறேக் இல்லை. ஆகவே தன்னைப்போல் இரு மடங்குக்கும் மேலான பாரத்தை அந்த இயந்திரமே தடுத்து நிறுத்த வேண்டும். வேகம் இரு மடங்கானால், பிறேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். பிக்கப் வாகனத்தில் பெட்டி பூட்டி இழுப்போருக்கும் இதே கணக்குத்தான்.

குளக்கட்டிலிருந்து இறங்கும்போது பாரம் பின்னாலிருந்து தள்ளும். பாரம் பெட்டியின் பின்பக்கம் கூடினால், கொழுவியிருக்கும் இடம் மேலெழும்பி, இயந்திரத்தின் பின்சில்லுகள் பிடிப்பை இழக்கும். முன்பக்கம் அளவுக்கு மிஞ்சினால் முன்சில்லுகள் இலேசாகி, திருப்பினாலும் திரும்பாது. லாண்ட்மாஸ்டரில் இன்னோர் ஆபத்து உண்டு. சமதரையில் வலப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் வலப்பக்கம் திரும்பும். பாரம் தள்ளும் இறக்கத்தில் அதே கிளச்சைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றும் பழக்கத்துக்கு எமது வாழ்வில் காரணம் உண்டு. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோதும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் இடம் மாறி இடம் மாறி ஓடியபோதும், கிடைத்த வாகனத்தில் ஏற்றக்கூடியதையெல்லாம் ஏற்றினோம். அன்று இரண்டாவது நடைக்கு வழியிருக்கவில்லை. இன்று இருக்கிறது. உயிர் தப்ப அன்று செய்ததை, வாடகையை மிச்சப்படுத்த இன்று செய்வது சரியல்ல.

விபத்து நடந்தால் சாரதியைக் குறை கூறுகிறோம். மேலும் பத்து மூடை ஏற்றச் சொன்னவர்களுக்கும் அதில் பங்குண்டு. மறுத்தால் அடுத்த முறை வேறு ஆளைப் பிடிப்பார்கள் என்ற பயத்திலேயே பல சாரதிகள் சம்மதிக்கிறார்கள். எனவே இதைத் தனியொருவரின் பொறுப்பில் விடாமல், அறுவடைக்கு முன்னரே கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் தீர்மானிப்பது நல்லது. ஒரு பெட்டிக்கு இத்தனை மூடை என வரையறுப்போம். மிஞ்சும் மூடைகளை இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து இன்னொரு நடையில் ஏற்றினால் வாடகையும் பகிரப்படும்.

செலவில்லாமல் செய்யக்கூடியவையும் உள்ளன. வயலில் பிரித்து வைத்த இரண்டு பிறேக் மிதிகளையும் வீதிக்கு ஏறுமுன் ஒன்றாகப் பூட்டுங்கள். ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் அப்பக்கம் சுழன்றுவிடும். இறக்கத்துக்கு முன்னரே குறைந்த கியருக்கு மாறுங்கள், நியூட்ரலில் விடாதீர்கள். இரவில் பெட்டியின் பின்னால் விளக்கு இருக்கட்டும். மூடைகளின் மேல் எவரையும் ஏற்றாதீர்கள். பல இழப்புகளைக் கண்ட எமது குடும்பங்கள் ஒரு நடை வாடகைக்காக இன்னோர் உயிரை இழக்கக்கூடாது.