விரியன் விஷமும் மடிநோய் ஊசியும்

போன வாரம் கழனியில வைக்கோல் கட்டைத் தூக்கினப்போ அடியில ஒரு கண்ணாடி விரியன். கூட இருந்த பையன் கம்பை எடுத்தான். வேணாம்னேன். "அண்ணே, கடிச்சா யாரு பொறுப்பு?"ன்னு கேட்டான். நியாயமான கேள்வி. என்கிட்ட பதில் இல்லை.

அதே நாள் ராத்திரி சென்னையில இருக்கிற நண்பர் ஒரு செய்தி அனுப்பினார். பாம்பு விஷத்துல இருந்து புது ஆன்டிபயாடிக் வரப்போகுதாம். அவருக்கு அது அதிசயம். எனக்கு வயித்தைக் கலக்குச்சு. மாட்டுக்கு மடிநோய் வந்தப்போ வீக்கம் வத்தினதும் ஊசியைப் பாதியில நிறுத்தினவன் நான். பாலையும் உடனே ஊத்தினேன். அந்தப் பால் உங்க ஊருக்குத்தான் வந்திருக்கும். பழைய மருந்து கேட்காத கிருமியை வளர்த்ததுல எனக்கும் பங்கு உண்டு.

கண்ணாடி விரியன் விஷம் மஞ்சளா இருக்கும். அந்த நிறத்தைக் கொடுக்கிற நொதி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். புண் கழுவ மருந்துக்கடையில வாங்குறோமே, அதேதான். அது கிருமியைக் கொல்லும், நம்ம செல்லையும் சேர்த்துக் கொல்லும். அதனால விஷத்தில் ஒளிஞ்சிருக்கிற சின்னச் சின்ன புரதத் துண்டுகளை மட்டும் தேடுறாங்க. 2025-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக்காரங்க கம்ப்யூட்டரை வெச்சு சலிச்சு, 58 துண்டுகளைச் செஞ்சு பார்த்ததில் 53 வேலை செஞ்சது. மருந்தா கடைக்கு எதுவும் வரலை. ஆனா நடக்காத காரியமும் இல்லை. பிரேசில் விரியன் விஷத்தைப் பார்த்துச் செஞ்ச ரத்த அழுத்த மாத்திரை கேப்டோபிரில் 1981-லேயே வந்தாச்சு. மாரடைப்புக்குக் கொடுக்கிற டைரோஃபிபானுக்கு முன்மாதிரி நம்ம சுருட்டை விரியன் விஷம்.

நான் சொல்ல வந்தது இனிமேத்தான். விஷத்தை எடுக்கிறது யாரு? வடநெம்மேலியில் 1978-ல் ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு தோல் வியாபாரம் போய், பிழைப்பில்லாம நின்ன ஜனங்க. ரோமுலஸ் விட்டேகர் துணையோட சங்கம் வெச்சாங்க. பாம்பைப் பிடிச்சு, சில தடவை விஷம் எடுத்து, திரும்பக் காட்டுல விட்டுடுறாங்க. நாட்டுல தயாராகிற விஷமுறிவு மருந்துக்கு இவங்க விஷம்தான் பெரிய ஆதாரம். 2023-ல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. சந்தோஷம். ஆனா எங்க பக்கத்து இருளர் தெருவுல பட்டா இல்லாத வீடுங்க இன்னும் இருக்கு.

கேரளாவில் காணி மக்கள் சொன்ன ஆரோக்கியப்பச்சை மூலிகையில மருந்து செஞ்சப்போ, உரிமத் தொகையில் பாதியை அவங்களுக்கே கொடுத்தாங்க. அந்த ஏற்பாட்டுல குறை சொல்றவங்களும் உண்டு. இருந்தாலும் வழி இருக்குன்னு காட்டுச்சு. நாளைக்கு நம்ம விரியன் விஷத்துல ஒரு மருந்து வந்தா, இருளருக்கு விஷத்தோட கிராம் விலை மட்டும் போதாது. மருந்து விற்கிற காலம் வரை பங்கு வேணும். அதை ஆராய்ச்சி தொடங்கும்போதே காகிதத்துல எழுதணும். மருந்து வந்த பிறகு கேட்டா யாரு கொடுப்பா?

அந்த விரியனைப் பிடிக்க இருளர் தெருவுக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் வர்றதுக்குள்ள வரப்பு எலி வளையில போயிடுச்சு. பையன் இன்னும் அந்தப் பக்கம் வைக்கோல் அள்ள வரமாட்டேங்கிறான்.