கத்தியைப் பிடிக்கும் கையே சொல்லட்டும்

தோழர்களே, தேயிலைக் கவ்வாத்துக்கு வளைந்த, மெல்லிய வாயுள்ள கத்தி வேண்டும். இங்கே கல்லடிப் பக்கத்தில் தென்னைக்குக் கீழே பற்றை வெட்ட நீளமான, முன்பாரமுள்ள கத்தி வேண்டும். மாற்றிப் பாவித்தால் நம் மணிக்கட்டுத்தான் நோகும்.

வாங்கும்போது மினுக்கத்தைப் பார்க்க வேண்டாம். இறுக்கிப் பிடித்து வீசிப் பார்ப்போம். பிடி ஆடினால் வேண்டாம். லொறி வில்லுத்தகட்டில் கொல்லர் அடித்த கத்தி பல வருடம் உழைக்கும்.

ஆனால் அந்தக் காசு நம் சம்பளத்திலிருந்து போகக் கூடாது. கத்தியைத் தோட்டம் கொடுக்கட்டும். எது வேண்டுமென்று பிடிக்கும் கையே சொல்லட்டும். இதுவே நமது கோரிக்கை.

வேலையில் வெட்டுப்பட்டுக் கை முடமானால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. காயத்தை அன்றே எழுத்தில் அறிவிப்போம்.