கடலோர வீடும் காணி உறுதியும்

கீரிமலைக் கடற்கரையிலே கூரையிழந்து, கதவிழந்து, சுவரிலே ஆலும் அரசும் வேர்விட்டு நிற்கும் வீடுகளுக்கு இன்று விலை பேசப்படுகிறது. கொழும்பிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் வருவோர் கேணியில் நீராடி, நகுலேசுவரரை வணங்கிவிட்டு, கடலைப் பார்த்தபடி ஒரு வளவு கிடைக்குமாவென்று வினவுகின்றனர். பாழ்பட்ட வீட்டிலே மீண்டும் விளக்கெரிவது நல்லதே. ஆனால், அவ்வீடு யாருடையதென்று அறியாமல் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது அறமுமன்று, அறிவுடைமையுமன்று.

இவ்வீடுகள் மழையாலும் உப்புக் காற்றாலும் மட்டும் இடிந்தவையல்ல. 1990ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கு மக்கள் கையிலகப்பட்டதோடு வெளியேறினர். அவர்தம் ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, உறுதியைப் பேணி வைத்திருந்தோரே நீதிமன்றப் படியேற முடிந்தது. 2025 மார்ச்சில், வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துள் உரிமை கோராவிடின் அரச காணியாகுமென வர்த்தமானி வெளிவந்தது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அதனை மீளப் பெற்றது. இவற்றால் நாம் கற்ற பாடம் ஒன்றே: வீடு இடியலாம், உறுதி தொலையலாகாது.

வாங்க விரும்புவோர்க்கு நாம் சொல்வது இது. மேசனை அழைக்குமுன் நொத்தாரிசை அழையுங்கள். காணிப் பதிவகத்திலே பதிவுகளைப் பின்னோக்கித் தேடுவியுங்கள். எல்லைக் கல் மறைந்த காணிகளிலே பழைய வரைபடத்தை வைத்து நில அளவையாளரைக் கொண்டு அளப்பியுங்கள். ஐந்து சகோதரருக்குரிய முதுசொத்தில் ஒருவர் கையொப்பமிட்டால் அவருடைய பங்கு மட்டுமே உங்களைச் சேரும். 1707இல் ஒல்லாந்தர் காலத்திலே தொகுக்கப்பட்ட தேசவழமை, உடன் பங்காளிக்கு முன்வாங்கும் உரிமை தந்தது. 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதனை வரையறுத்தது. அவருக்கு அறிவித்தல் கொடாமல் பங்கை வாங்குவோர் வீட்டோடு வழக்கையும் வாங்குகிறார். மணமான பெண்ணின் சீதனக் காணியாயின், 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி கணவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். இவ்விதி மாறவேண்டியதே, ஆயினும் மாறும்வரை அது விதியே.

பிறநாட்டுக் குடியுரிமை பெற்ற எம்மவர் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் பிறநாட்டார் காணி வாங்குவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமையுடையோருக்கு அத்தடை இல்லை. ஆகவே சிலர் உறவினர் பெயரில் வாங்குகின்றனர். இன்று உறவு, நாளை வழக்கு. இரட்டைக் குடியுரிமை பெற்றபின் தம் பெயரிலேயே வாங்குவதே நேர்வழி.

கடல் எல்லையிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். அங்கே கட்டவோ மதிலெழுப்பவோ முன்பு, கரையோரம் பேணும் திணைக்களத்தின் அனுமதி வேண்டுமாவென்று கேட்டறியுங்கள். அனுமதி வெறுங் கடதாசியென்று எண்ணவேண்டாம். ஒருவர் கட்டும் மதில் அலையைத் திருப்பி அயலவர் கரையை அரிக்கும்.

கமக்காரர் கேட்கலாம்: கடலோர வீட்டுக்கும் எமது வெங்காயத் தோட்டத்துக்கும் என்ன தொடர்பு? தொடர்பு நிலத்தடியிலே உண்டு. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. மாரி மழை சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீராய் மிதக்கிறது. கீரிமலைக் கேணியின் ஊற்றும் அவ்வாறு வருவதே. ஆழக் கிணறு தோண்டி இயந்திரத்தால் அளவின்றி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலேறும். மலக்குழி கிணற்றை அண்டினால் அழுக்கு ஊற்றிற் கலக்கும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த துயரை நாம் மறக்கவில்லை. ஆகவே வீட்டைத் திருத்துவோர் கூரையைப் பார்ப்பதற்கு முன் குழியையும் கிணற்றையும் பார்த்தல் கடன்.

விற்போருக்கும் ஒரு சொல். முதலில் வந்த விலைக்கு முந்தையர் வளவைக் கொடுத்துவிடாதீர்கள். பங்காளிகளை ஒன்றுகூட்டுங்கள், பிரிவினை உறுதி முடியுங்கள், விற்கத்தான் வேண்டுமாயின், அதன்பின் விற்குங்கள்.

சட்டம் படித்தோராகிய எமக்கும் கடமையுண்டு. உறுதி வாசிக்கத் தெரியாத முதியவருக்கு மாதத்தில் ஒருநாளேனும் கட்டணமின்றி வாசித்துக் கொடுப்போம். ஆடி அமாவாசையிலே தந்தையரை நினைந்து கீரிமலைக் கடலில் மூழ்கும் நாம், அவர் தேடி வைத்த மண்ணின் உறுதியைக் கடலில் மூழ்க விடலாமா?