ஊசிக்குச் சிரித்த முகம் வேண்டாம்

எங்கள் குழந்தைகள் பிரிவில் சேர்க்கப்படும் சிறுவர்களுக்கென வண்ணம் தீட்டும் நூல் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். அதற்கான படங்களை வரையக் கவின்கலைக் கல்லூரி மாணவர் ஒருவரை எட்டு வாரப் பயிற்சிக்கு அழைக்க வேண்டும் என்று, இப்பிரிவின் மருத்துவர்களும் செவிலியர்களும் நிர்வாகத்தின் முன் ஒரு யோசனையை வைத்துள்ளோம். இதைக் கேள்வியுற்ற பெற்றோர் சிலர் இரண்டு ஐயங்களை எழுப்பினர். நோய்க்கு மருந்து தரும் இடத்தில் ஓவியம் எதற்கு என்பது ஒன்று. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படங்களை அச்செடுத்துக் கொடுத்தால் போதாதா என்பது மற்றொன்று. மருத்துவச் செலவின் சுமையை நன்கறிந்தவர்களிடமிருந்து வரும் கேள்விகள் இவை. ஆகவே இவற்றுக்கு முறையாக விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வண்ணம் தீட்டுவது எந்த நோயையும் குணப்படுத்தாது. நிமோனியாவுக்கு ஆன்டிபயாட்டிக்தான் மருந்து. வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் மருந்து. படப் புத்தகம் அவற்றின் இடத்தைப் பிடிக்க முடியாது. அவ்வாறு எவரேனும் கூறினால் நம்ப வேண்டாம்.

ஆனால், அச்சம் சிகிச்சைக்கு இடையூறாக இருப்பதை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். அழுது திமிறும் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் மூச்சொலி தெளிவாகக் கேட்பதில்லை. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் இயல்புக்கு மேல் உயர்ந்து காட்டுகின்றன. கையை உதறும் குழந்தைக்கு வென்ஃப்ளான் ஊசி முதல் முயற்சியிலேயே நரம்பில் இறங்குவது அரிது. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் குத்த நேர்கிறது. எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் அசையாமல் படுக்க மறுக்கும் குழந்தைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். அதற்காகப் பல மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். மயக்க மருந்துக்கே உரிய ஆபத்தும் செலவும் தனி. அச்சத்தைக் குறைப்பது மருத்துவத்தின் ஒரு பகுதி என்று நாங்கள் கருதுவது இதனால்தான்.

ஊசி போடும்போது குழந்தைகளுக்கு ஏற்படும் வலியையும் பதற்றத்தையும் பற்றிய 59 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, கோக்ரேன் அமைப்பு 2018-ஆம் ஆண்டில் ஒரு தொகுப்பறிக்கை வெளியிட்டது. குழந்தையின் கவனத்தை வேறொன்றில் திருப்புவது பயன் தருகிறது என்று அவ்வறிக்கை கூறியது. அதே வேளையில், கிடைத்துள்ள சான்றுகள் உறுதி குறைந்தவை என்பதையும் மறைக்காமல் குறிப்பிட்டது. எங்கள் நிலைப்பாடும் அதுவே. பெரும் பலன் கிட்டும் என்று வாக்களிக்கவில்லை. சிறு பலன் கிட்டக்கூடும், தீங்கு ஏதும் இல்லை, செலவும் குறைவு என்பதால் முயன்று பார்க்கலாம் என்கிறோம்.

மருத்துவத்துக்கும் ஓவியத்துக்கும் உள்ள உறவு நம் ஊருக்குப் புதிதன்று. சென்னையில் பெரியமேட்டில் இன்று இயங்கும் அரசு கவின்கலைக் கல்லூரியை 1850-ஆம் ஆண்டில் ஓவியப் பள்ளியாகத் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர். சென்னை மருத்துவக் கல்லூரி இருக்கும் ஈ.வெ.ரா. பெரியார் சாலையில்தான் அந்தக் கல்லூரியும் இருக்கிறது. அங்கு முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் ஓவியர்கள் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை அமைத்தனர். மேடவாக்கத்திலிருந்து அது அதிகத் தொலைவில் இல்லை.

இன்னொரு செய்தியும் நினைவுகூரத்தக்கது. தாம்பரத்தில் காசநோயாளிகளுக்கான சானடோரியத்தை மருத்துவர் சௌரி முத்து 1928-இல் நிறுவினார். அந்தப் பகுதிக்கு இன்றும் அதுவே பெயர். அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின், 1938-இல், இங்கிலாந்தின் சானடோரியம் ஒன்றில் காசநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த ஏட்ரியன் ஹில் என்னும் ஓவியர், படுக்கையில் கிடந்தபடியே கண்ணெதிரே இருந்த பொருள்களை வரையத் தொடங்கினார். பின்னர் உடனிருந்த நோயாளிகளையும் வரையத் தூண்டினார். கலைவழிச் சிகிச்சை என்று நாம் இன்று கூறுவதற்குரிய ஆங்கிலப் பெயரை 1942-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே. அமெரிக்காவில் கிளீவ்லேண்டு நகரப் பொதுமருத்துவமனையில் எம்மா பிளாங்க் என்னும் கல்வியாளர், நோயுற்ற குழந்தைகளின் விளையாட்டுக்கும் கல்விக்கும் என 1955-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, விளையாட்டைக் குழந்தையின் உரிமையாகவே கூறுகிறது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும் அந்த உரிமை நின்றுபோவதில்லை.

இனி, இரண்டாம் கேள்விக்கு வருவோம். இலவசப் படங்கள் போதாவா?

பெரும்பாலான இலவசப் படங்களில் பனி மூடிய வீடும் ஊசியிலை மரமும் இருக்கின்றன. மருத்துவமனைப் படமென்றால் நம் குழந்தைகள் கண்டிராத அறையும் படுக்கையும் இருக்கின்றன. எங்கள் பிரிவுக்கு வரும் குழந்தை பள்ளிக்கரணையிலிருந்தோ பெரும்பாக்கத்திலிருந்தோ சித்தாலப்பாக்கத்திலிருந்தோ வருகிறது. அதன் கட்டிலருகே ஒயர்கூடையும் சுடுநீர் ஃபிளாஸ்க்கும் இருக்கின்றன. கட்டிலின் ஓரத்தில் அம்மாவோ ஆயாவோ இரவு முழுவதும் ஸ்டூலில் அமர்ந்திருக்கிறார். ட்ரிப்ஸ் தொங்கும் கம்பியை உருட்டிக்கொண்டு கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கிறது. புகை கக்கும் நெபுலைசர் முகமூடியைக் கண்டு குழந்தை மிரள்கிறது. இவற்றையெல்லாம் படத்தில் முன்கூட்டியே கண்டு, தன் கையால் வண்ணமும் தீட்டிய குழந்தைக்கு, அவை நேரில் வரும்போது சற்றேனும் பழகியவையாக இருக்கும். ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று காட்டும் பக்கத்தில் பூநாரையும் கூழைக்கடாவும் நாமக்கோழியும் இருக்கலாம். 2022-இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்ட சதுப்புநிலம் நமக்கு அருகில்தானே இருக்கிறது.

இத்தகைய நூலை வரைய வேண்டுமானால், வரைபவர் பிரிவுக்குள் வந்து அமர்ந்து பார்க்க வேண்டும். வயதறிந்தும் வரைய வேண்டும். சுமார் 3 வயதில் குழந்தை வட்டத்தைப் பார்த்து வரையும். 4 வயதில் கூட்டல் குறியை வரையும். முக்கோணத்துக்கு ஏறத்தாழ 5 வயதாக வேண்டும். ஆகவே சிறியவர்களுக்குத் தடித்த கோடும் பெரிய உருவமும், பெரியவர்களுக்கு நுணுக்கமும் தேவை. காய்ச்சலில் சோர்ந்த குழந்தை ஒரு பக்கத்தை ஐந்து நிமிடத்தில் முடிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இவற்றை மருத்துவர் சொல்லலாம். கோடாக மாற்றித் தருவது ஓவியம் கற்றவரால்தான் முடியும்.

நூலின் உள்ளடக்கத்தைப் பற்றி எங்களுக்கு இரண்டு உறுதியான கருத்துகள் உண்டு.

முதலாவது, நூல் பொய் சொல்லக் கூடாது. ஊசிக்குக் கண்ணும் வாயும் வரைந்து சிரிக்கவைக்கும் வழக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை. சிரித்த ஊசியைப் படத்தில் கண்ட குழந்தைக்கு உண்மையான ஊசி வலிக்கும்போது, ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் எழும். அடுத்த முறை புத்தகத்தையும் நம்பாது, எங்களையும் நம்பாது. "வலிக்கவே வலிக்காது" என்று நாம் கூறும் ஆறுதலுக்கும் இது பொருந்தும். "கொஞ்சம் வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும், அம்மா கையைப் பிடித்துக்கொள்" என்பதே உண்மை. படமும் அதையே காட்டட்டும். அழும் குழந்தையின் முகமும் ஒரு பக்கத்தில் இருக்கட்டும். அழுவது தவறன்று என்பதை அது சொல்லும்.

இரண்டாவது, நிறம். கடையில் விற்கும் வெளிறிய இளஞ்சிவப்புப் பென்சிலை நாம் இன்றும் "ஸ்கின் கலர்" என்றே அழைக்கிறோம். கிரயோலா நிறுவனம் தன் கிரயான் பெட்டியில் அத்தகைய நிறத்துக்கு ஆங்கிலத்தில் "சதை" என்று பொருள்படும் பெயரை வைத்திருந்தது. 1962-இல் அதனைப் "பீச்" பழத்தின் பெயராக மாற்றியது. நம் பிள்ளைகள் தம் தோலின் நிறமாக வேறொருவரின் நிறத்தைத் தீட்டப் பழகுவது வருந்தத்தக்கது. நூலுடன் தரப்படும் பெட்டியில் பல வகைப் பழுப்பு நிறங்கள் இருக்க வேண்டும் என்று கேட்டுள்ளோம்.

அடுத்து, பயிற்சிக்கு வரும் மாணவரைப் பற்றி. மருத்துவம் படித்தோர் அனைவரும் ஓராண்டு ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றியவர்களே. அவ்வாண்டில் மேற்பார்வை செய்ய மூத்தவர் ஒருவர் இருந்தார், கற்க வேண்டியவற்றின் பட்டியல் இருந்தது, உதவித்தொகையும் இருந்தது. ஓவிய மாணவருக்கோ, "அனுபவம் கிடைக்கும், சான்றிதழ் தருவோம்" என்று சொல்லி ஊதியமின்றி வரையவைப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அது நேர்மையன்று. அவருக்கு மாத உதவித்தொகையும் வண்ணப்பொருள்களுக்கான செலவும் தரப்பட வேண்டும். நூலின் அட்டையில் அவர் பெயர் இடம்பெற வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படைத்தவரே பொதுவாக முதல் உரிமையாளர். ஆயினும் பணி அல்லது பயிற்சி ஒப்பந்தத்தின் கீழ் உருவான படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிடில், அமர்த்தியவரையே சேரும். ஆகவே படங்களின் உரிமை யாருக்கு, மறுபதிப்பு யார் கையில் என்பனவற்றை முதல் நாளிலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

மாணவரின் மனநலமும் எங்கள் பொறுப்பே. மருத்துவ மாணவர்கள் நோயுற்ற குழந்தைகளைக் காணச் சிறிது சிறிதாகப் பழகுகிறார்கள். ஓவிய மாணவருக்கு அந்தப் பழக்கம் இராது. நாள்தோறும் பணி முடிந்தபின் மூத்த செவிலியர் ஒருவர் அவரோடு அமர்ந்து பேச வேண்டும் என்பது எங்கள் யோசனையில் உள்ளது. நோயாளிகளின் அந்தரங்கமும் அவ்வாறே காக்கப்படும். பிரிவுக்குள் புகைப்படம் எடுக்க அனுமதி இராது. எந்தக் குழந்தையையும் அடையாளம் தெரியும்படி வரைவதானால் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் குழந்தையின் விருப்பமும் வேண்டும். மறுப்பதால் சிகிச்சையில் எந்த வேறுபாடும் இராது.

செலவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரு விளக்கம். இந்நூலுக்கென நோயாளியின் கட்டணத்தில் ஒரு ரூபாயும் சேர்க்கப்படக் கூடாது என்பது யோசனையின் முதல் நிபந்தனை. மருத்துவமனையின் விளம்பரமும் அதில் இருக்கக் கூடாது. தொற்றுப் பரவாதிருக்கப் புத்தகமும் கிரயான்களும் ஒரு குழந்தைக்கு மட்டுமே உரியவை. வீட்டுக்குப் போகும்போது அவையும் உடன் போகும்.

பெற்றோரிடம் சில வேண்டுகோள்கள் உண்டு. கோட்டுக்கு வெளியே வண்ணம் போனால் திருத்த வேண்டாம். குழந்தை பாதியில் விட்ட படத்தை நீங்கள் முடித்துவைக்க வேண்டாம். யானைக்குப் பச்சை தீட்டினால் பச்சை யானையாகவே இருக்கட்டும். கருப்பு வண்ணத்தை மிகுதியாகப் பயன்படுத்தினால் மனத்தில் ஏதோ இருக்கிறது என்று சோதிடம் பார்க்கவும் வேண்டாம்; பெட்டியில் அந்தக் கிரயான்தான் கூராக இருந்திருக்கலாம். வரையும்போது குழந்தை பேசுவதை மட்டும் கேளுங்கள். "இந்தப் பாப்பாவை வீட்டுக்கு விடமாட்டார்களா?" என்று கேட்டால், அது தன்னைப் பற்றிய கேள்வியாகவும் இருக்கலாம். செவிலியரிடம் தெரிவியுங்கள், நாங்கள் வந்து குழந்தையிடமே பேசுவோம். தூங்க விரும்பும் குழந்தையைத் தூங்க விடுங்கள். வண்ணம் தீட்டுவது கடமையாகிவிடக் கூடாது. குழந்தை எந்தக் கையால் எழுதும் என்பதை ட்ரிப்ஸ் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்; இயன்றவரை மற்றக் கையில் போட முயல்வோம்.

யோசனை இன்னும் நிர்வாகத்தின் பரிசீலனையில் உள்ளது. அது ஏற்கப்பட்டால், எந்தப் பக்கங்கள் நூலில் இருக்க வேண்டும் என்பதை மருத்துவர்கள் மட்டும் முடிவு செய்வது முறையாகாது. உங்கள் குழந்தை இங்கே எதைக் கண்டு முதலில் அஞ்சியது, எது தெரிந்திருந்தால் அழுகை குறைந்திருக்கும் என்பதை இரண்டு வரிகளில் எழுதி, குழந்தைகள் பிரிவின் வாயிலில் உள்ள கருத்துப் பெட்டியில் இடுங்கள். எழுத இயலாதோர் செவிலியரிடம் கூறினால் அவர் எழுதிக்கொள்வார். குழந்தையே வரைந்து தந்தால் இன்னும் நன்று. வரவிருக்கும் மாணவரிடம் முதல் நாளில் அந்தத் தாள்களைத்தான் கொடுக்க எண்ணியுள்ளோம்.