சாகாதவனுக்கு ஏது வீரம்?

மாணவன் கையில் சித்திரக்கதையைக் கண்டதும் சினங்கொண்டு பறிக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே உண்டு. “அந்தக் காலத்துக் கதைகளே கதைகள், இன்று வருவன வெறுங்குப்பை” என்று தம் இளமையை எண்ணிப் பெருமூச்செறிவோரும் உண்டு. அதிமானிட வீரர்களைப் பற்றிய இவ்விரு தீர்ப்புகளும் ஆராயாது அளித்த தீர்ப்புகளே என்பது என் துணிபு.

முதல் தீர்ப்பு புதியதன்று. சித்திரக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்று அமெரிக்க மனநல மருத்துவர் பிரெடரிக் வெர்தாம் 1954ஆம் ஆண்டில் நூலெழுதினார். அவ்வாண்டே செனட் சபையின் குழுவொன்றும் இதனை விசாரித்தது. அஞ்சிய பதிப்பாளர்கள் தமக்குத் தாமே விதிகளை வகுத்துக்கொண்டனர். நன்மை எப்போதும் தீமையை வெல்ல வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கேட்பதற்கு இனிய விதிதான். ஆயினும், வெற்றி முன்னரே உறுதியாகிவிட்டால் போர் எதற்கு? தோல்வியே இல்லாதவன் காட்டும் துணிவு எவ்வகைத் துணிவு? ஒழுக்கத்தைக் காக்க முனைந்தவர்கள் கதையின் உயிரைப் போக்கினர்.

இனிப் பழமை போற்றுவோரிடம் வருவோம். 1938இல் வெளிவந்த சூப்பர்மேனைப் படைத்தவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இரு இளைஞர்கள். முதற் கதைக்கும் அப்பாத்திரத்தின் உரிமைக்குமாக அவர்கள் பெற்ற தொகை 130 டாலர். எளியோர் துயர் துடைக்கப் பறந்து வந்த வீரனால் தன்னைப் படைத்தவர்களின் துயரைத் துடைக்க இயலவில்லை. நெடுங்காலம் போராடிய பின், 1975இல்தான் அவர்களுக்கு ஓய்வூதியம் கிடைத்தது. படைத்தவர் என்ற பெயரும் மீண்டது. அந்நாளைப் பொற்காலம் என்போர் இக்கணக்கையும் சேர்த்தே எழுதட்டும்!

பாத்திரம் வணிகரின் உடைமையானதால், அது சாகக்கூடாததும் ஆயிற்று. 1992இல் சூப்பர்மேன் இறந்தான். அவ்விதழ் இலட்சக்கணக்கில் விற்றது. மறு ஆண்டே அவன் மீண்டு வந்தான்! சாவும் ஒரு சரக்காயிற்று.

கம்பன் காட்டும் கும்பகருணனை எண்ணிப் பாருங்கள். அண்ணன் செய்தது பிழையென அறிந்தும், தான் மீளப்போவதில்லை எனத் தெளிந்தும் அவன் களம் புகுந்தான். அடுத்த படலத்தில் அவன் எழுந்து வந்திருப்பின், நம் மாணவருள் ஒருவராவது அவனுக்காக உருகுவரோ?

இவ்வுண்மையை உணர்ந்த சித்திரக்கதைகளும் உள. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962இல் படைத்த ஸ்பைடர்மேன், தன்னருகே ஓடிய திருடனைத் தடுக்காது விட்டான். அத்திருடனே பின்னர் அவனை வளர்த்த பெரியப்பாவைக் கொன்றான். ஆற்றல் இருந்தும் அசட்டையாய் இருந்ததற்கு அவன் கொடுத்த விலை அது. ஆலன் மூரும் டேவ் கிப்பன்சும் 1986இல் தொடங்கிய ‘வாட்ச்மென்’ பன்னிரண்டே இதழ்களில் முடிந்தது. பெரும்போரைத் தடுக்க இலட்சக்கணக்கானோரைக் கொல்பவன் காவலனா, கொலைஞனா என்று அது வினவிற்று. அந்த முடிவையும் வணிகம் பொறுக்கவில்லை. மூர் எதிர்த்தும், 2012இல் அதற்கு முன்கதைகள் எழுதுவித்து விற்றது.

ஆகவே, பழையது, புதியது என்பதன்று வேறுபாடு. இழப்புள்ள கதை, இழப்பற்ற கதை என்பதே வேறுபாடு.

ஆசிரியப் பெருமக்களே! மாணவன் கையிலுள்ள நூலைப் பறிக்காதீர்கள். “இக்கதையில் இவ்வீரன் எதை இழந்தான்?” என்று மட்டும் கேளுங்கள். விடை சொல்ல இயன்றால், அவன் இலக்கியத்தின் வாயிலுக்கு வந்துவிட்டான். இயலாவிடின், அந்நூலை அவனே மூடி வைப்பான்.